முயலுக்கு ஊற்றிய மூன்றாம் தண்ணீர்

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீட்டில் ஒரு முயல் இருந்தது. குண்டு விழுந்த சமயத்தில் எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் காட்டுப் பக்கம் ஓடியபோது, பலகைப் பெட்டியோடு அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. நல்ல வெள்ளை முயல். என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டியவர். வேலை விட்டு வந்தால் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

செங் ஊர்ப் பக்கம் விறகு ஏற்றப் போன இடத்தில் ஒருநாள் ஜப்பான்காரர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள், சயாமில் ரயில் பாதை போடுவதற்கு. வீட்டுக்கு வந்து துணி எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். வாசலில் நின்று, "முயலைப் பாத்துக்க. நான் வர்றப்ப அது இருக்கணும்" என்றார். வேறென்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான். எனக்கோ அது வாக்காகவே பட்டது. முயல் இருந்தால் அவரும் இருப்பார் என்று மாரியம்மன் படத்துக்கு முன்னால் மனசுக்குள் முடிந்துகொண்டேன்.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அரிசியைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. எந்த வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அத்தை பெட்டியைத் தாண்டும்போதெல்லாம், சதை பிடித்திருக்கிறதா என்று முயலின் முதுகைக் கிள்ளிப் பார்ப்பார்.

"என் புள்ள அங்க என்னத்தத் திங்கிறானோ. இங்க மகாராணி முயலுக்குக் கீரை ஆயுறா."

"அவர் வந்து கேப்பாரு அத்தை."

"கேட்டா, உங்கம்மா வயித்துல இருக்குன்னு சொல்லு."

அடைமழையில் பெட்டி ஈரமாகவே கிடந்தது. முயலுக்குச் சொறி பிடித்தது. முதலில் காதோரம் தவிடு ஒட்டினாற்போல இருந்தது. பிறகு மூக்கிலும் நகக்கண்ணிலும் பொருக்குத் தட்டியது. முடி கொத்துக் கொத்தாகக் கழன்று பலகைச் சந்தில் தொங்கியது. பின்னங்காலால் காதைப் பிறாண்டிப் பிறாண்டி ரத்தம் வடியும்.

"தானா சாகறதுக்குள்ள ஆக்கிடலாம்" என்று அத்தை ஒருநாள் கத்தியோடு வந்தார். காதைப் பிடித்துத் தூக்கியவர், வயிற்றுப் பக்கம் முடியில்லாத தோலில் சிவப்புச் சிவப்பாக முத்துகளைப் பார்த்தார். சட்டென்று கீழே விட்டார். கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடியே, ஆத்தா வந்திருக்காடி!"

நானும் அப்படித்தான் நம்பினேன். மேலெல்லாம் முத்துப் போட்டால் அது அம்மன் வந்து இறங்கியிருப்பது. எங்களுக்கு வேறு தெரியாது. வாசலில் வேப்பிலை செருகினோம். ஆத்தா இருக்கிற வீட்டில் கறி கூடாது, மருந்து கூடாது, தாளிக்கக் கூடாது. தாளிக்க எண்ணெயே இல்லாத காலத்தில் அந்தக் கட்டுப்பாட்டை அத்தை வெகு சுத்தமாகக் காப்பாற்றினார். முயலைக் கிள்ளிய அதே விரல்களால் அதைக் கும்பிட்டு, "தாயே, கத்திய எடுத்தேன்னு கோவிச்சுக்காத" என்பார்.

வேப்பிலையும் மஞ்சளும் மட்டும் பூசலாம். மையாக அரைத்து, பொருக்கு ஊற ஊறத் தினமும் பூசினேன். ஈரப் புல்லை எரித்துவிட்டுக் காய்ந்த புல் போட்டேன். வலியில் என் கையைக் கடிக்கும். மெல்ல மெல்லப் பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்புத் தோலில் பூனைமயிர் போல ஒன்று முளைத்தது. பிறகு காதுவரைக்கும் வெள்ளை வெளேரென்று முடி வந்துவிட்டது. சயாமில் அவர் பிழைத்துக் கிடக்கிறார் என்று அழுதேன்.

அத்தை வந்து பார்த்தார். "ஆத்தா எறங்கிட்டா. தலைக்குத் தண்ணி ஊத்தணும்" என்றார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, நாள் விட்டு நாள் மூன்று தடவை ஊற்றினால்தான் அம்மன் வீட்டை விட்டுப் போவாள்.

முதல் தண்ணீரில் முயல் கத்தியது. முயலுக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முடி முழுக்க ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒரு பிடி எலும்புதான் இருந்தது. இரண்டாம் தண்ணீருக்குப் பிறகு கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பு உதறிக்கொண்டே இருந்தது.

"போதும் அத்தை. மூணாவதுக்குத் தெளிச்சு விட்டுடலாமே."

"சாமி காரியத்துல பாதியா? உன் புருஷன் பாதியா வந்தாப் போதுமா ஒனக்கு?"

மூன்றாம் தண்ணீர் நாளும் வந்தது. நானே பிடித்துக்கொண்டேன், அத்தை ஊற்றினார். முந்தானையில் சுற்றி அடுப்போரம் கொண்டு போவதற்குள் அதன் தலை என் கையில் தொங்கிவிட்டது.

அத்தை எட்டிப் பார்த்தார். வாசலுக்குப் போய் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தார்.

"ஆத்தா போயாச்சு. அடுப்பப் பத்த வை, இனி கறி ஆகும்."

எனக்கும் ஒரு தட்டு வந்தது. "தின்னுடி. அவன் தடவித் தடவி வளத்தது, வீணாப் போகக் கூடாது." நான் தொடவில்லை. என் பங்கையும் அத்தையே தின்றார். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து வாசலில் யார் நின்றாலும் சயாமில் அவர் செத்த சேதிதான் வந்திருக்கிறது என்று அடுப்படியிலேயே நின்றுவிடுவேன்.

ஜப்பான்காரன் போனபிறகு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றது. தலையில் முடியில்லை, காலெல்லாம் புண், மேலெல்லாம் சிரங்கு. "இங்க ஒண்ணும் இல்ல, செமாபோக் பக்கம் போய்க் கேளு" என்று அத்தை விரட்டினார்.

அந்த ஆள், "அம்மா" என்றது.

அதே அம்மியில் அதே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்தேன். பூசும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "முயல் எங்க?" என்று கேட்டார்.

"அது ஒம்பொண்டாட்டி கையிலதான் செத்துது" என்றார் அத்தை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிரங்கு ஆறிப் பொருக்கு உதிர்ந்த அன்று, கிணற்றடியில் குடம் வெயிலில் இருந்தது. மேலே வேப்பிலை மிதந்தது. எலும்பும் தோலுமாய் இருந்த தன் மகனை அத்தை கையைப் பிடித்து அங்கே கூட்டி வந்தார்.

"மூணு தண்ணி ஊத்தினாத்தாண்டா ஆத்தா போவா."

நான் அத்தை கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினேன். கீழே கொட்ட எனக்குத் துணிவில்லை. அது சாமித் தண்ணீர். அப்படியே என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

"பைத்தியக்காரி! ஆத்தா கேப்பாடி!"

"கேக்கட்டும் அத்தை."

இரண்டாம் தண்ணீரும் மூன்றாம் தண்ணீரும் நானேதான் ஊற்றிக்கொண்டேன். அவரை வெந்நீரில் துணி பிழிந்து துடைத்துவிட்டேன்.