கெட்டிமேளத்துக்கு மேலே ஒரு குரல்

மலேசியாவில், கிள்ளானில் நடந்த சித்தியின் கல்யாண வீடியோவைக் கெடுத்தவள் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் பேச்சு உண்டு. நான் கெடுக்கவில்லை. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்வேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா புதிதாக ஒரு கேம்கார்டர் வாங்கியிருந்தார். தங்கை கல்யாணத்துக்கு வெளியாள் எதற்கு என்று தானே படம் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அந்தக் கருவிக்கு ஒரு குணம். தூரத்தில் ஐயர் சொல்லும் மந்திரத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓடும் மின்விசிறியையும் நாற்காலி இழுபடுவதையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மாமாவுக்கு அது தெரியாது. அவரை ஒட்டி நின்றிருந்த எனக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததை நான் கேட்டிருந்தேன். மணவறையிலும் கண்ணீர் வழிந்தது. கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தான் என்றார்கள் பெரியவர்கள். குழாயைத் திறந்துவிட்டு அழுவதும் வழக்கமா? தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது. கெட்ட சொல்லோ தும்மலோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் அப்படிக் கொட்டுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் டிவி முன்னால் உட்கார, மாமா பெருமையோடு டேப்பை ஓடவிட்டார். தாலி கட்டும் இடம் வந்தது. மேளத்துக்கு மேலே என் குரல் கணீரென்று கேட்டது.

"சித்தி ஏன் அழறாங்க? யாராச்சும் கேளுங்க லா!"

மாமா பாய்ந்து ரிமோட்டை எடுத்தார். அம்மா என் தொடையில் கிள்ளினார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"சின்னப் பிள்ள சத்தம் லா, ஆன்டி. அத அழிச்சிட்டு ஒரு பாட்டு போட்டுர்றேன்" என்று மாமா அவரிடம் அசடு வழிந்தார்.

அம்மா என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"மாட்டேன். அது சத்தம் இல்ல. நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும், அதனால் அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையோடு வந்திருந்த சித்தி அப்போது வாய் திறந்தார். "அண்ணே, பாட்டெல்லாம் வேணாம். அவ கேட்டது அப்படியே இருக்கட்டும். டேப்ப என்கிட்ட குடுங்க."

சித்தி என் பக்கம் பேசிவிட்டார் என்று அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு நாள் அவர் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். துணிகளுக்கு நடுவே அந்த டேப் இருந்தது. இப்போது காஜாங்கில் தனியாக, யாருக்கும் பயப்படாமல் இருக்கிறார்.

அத்தனை பேர் முன்னால் 'அப்படியே இருக்கட்டும்' என்று சொன்னதே என் கேள்விக்கு அவர் சொன்ன பதில் என்பது எனக்கு அன்று புரியவில்லை. பெரியவர்களுக்குப் புரிந்திருக்கும். அதனால்தான் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.