ரோட்டில் போட்ட உளுந்து

என் கணவருக்கு லாரி ஓட்டும் லைசென்ஸ் கிடைத்த அன்று தெருவே எங்கள் வாசலுக்கு வந்தது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அவர்தான். என் மாமனார் ஊர் மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுதவர். அந்தக் குத்தகையைப் பிடுங்கிக்கொண்டு அவரை விரட்டியபோது, இனி செத்தாலும் அந்த ஆள் வயலில் கூலிக்கு இறங்குவதில்லை என்று மகன் சபதம் போட்டார். சபதம் போடுவது சுலபம், சோறு யார் போடுவது? லைசென்ஸ்தான் போட்டது. அரிசி மில் லாரியில் வேலை கிடைத்தது. அந்தச் சின்னப் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். என்னைத் தொட விடமாட்டார். கட்டின பெண்டாட்டிக்கு அந்த மரியாதையில் பாதி கிடைத்ததில்லை.

லைசென்ஸுக்காக வண்டி ஓட்டிக் காட்டியபோது இன்ஸ்பெக்டர் சொன்னாராம்: "வாங்குறது பெரிசில்லப்பா, காப்பாத்துறதுதான் பெரிசு. ஆள் மேல ஏத்திட்டா, புது டிரைவர்னு ஒருத்தனும் இரக்கப்பட மாட்டான்." அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆள் இல்லாத வளைவிலும் ஹாரன் அடிப்பார். மாடு குறுக்கே வந்தால் அது போய் முடிகிறவரை நிற்பார்.

அது சுவரெல்லாம் கறுப்பு சிவப்பாக இருந்த காலம். குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் தங்கள் பேரைப் பதியலாம் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் தெருவில் மிச்சமிருந்த குத்தகைக்காரர்கள் துணிந்து பதிந்துவிட்டார்கள். நிலத்தைப் பிடுங்க முடியாத மிராசுதார் கதிரடிக்கும் களத்தைப் பூட்டினார். நெல்லை எப்படியோ வயலிலேயே அடித்துக்கொண்டார்கள். உளுந்துக்கு என்ன செய்வது? வெடித்துக் கிடக்கும் வயலில் போட்டு அடித்தால் பாதி உளுந்து வெடிப்புக்குள் போய்விடும். அதனால் பங்குனி வெயிலில் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பினார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். சக்கரம் படாமல் ஒதுங்கிப் போகிற டிரைவருக்குத்தான் திட்டு விழும்.

முதல் நாள் இவர் லாரியை நிறுத்திவிட்டு, செடியை ஒதுக்கச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னா தம்பி, புது லைசென்சா? சட்டமெல்லாம் பேசுது! ஏத்திக்கிட்டுப் போப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்துக்கொண்டே ஏற்றினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மில்லுக்குப் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம். "நம்ம வண்டி வந்துட்டுது" என்று அக்கா குரல் கொடுப்பார். எனக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அன்று காலையிலும் அக்காதான் கையைக் காட்டி வரச் சொன்னார். லாரி கிட்டே வந்த பிறகுதான், செடியைப் புரட்டிப் போடும் கம்பு நடு ரோட்டிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். டயர் ஏறினால் முறிந்துவிடுமே என்று எடுக்கக் குனிந்தார். இவர் பிரேக்கை மிதித்தார். உதிர்ந்த உளுந்தின் மேல் எந்தச் சக்கரம் நிற்கும்? வழுக்கிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கும் முன்பே அக்காவின் உயிர் போய்விட்டது.

அழுதுகொண்டே தெருவே சேர்ந்து செய்த காரியம் ஒன்று உண்டு. போலீஸ் வருவதற்குள் ரோட்டைத் துப்புரவாகக் கூட்டி எடுத்துவிட்டார்கள். ரோட்டை மறிக்கிறார்கள் என்று மிராசுதார் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார். உளுந்தைப் பார்த்தால் பரப்பினவர்கள் எல்லார் மேலும் கேஸ் வரும், விளைச்சலும் போகும் என்ற பயம். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் போலீஸ் வந்து பார்த்தபோது வெறும் ரோடு, ஒரு லாரி, ஒரு பிணம். அதற்குப் பக்கத்தில் என் புருஷன்.

வக்கீல் தெளிவாகச் சொன்னார். "ரோட்டுல உளுந்து கிடந்துச்சு, வழுக்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன். லைசென்ஸ் தப்பிச்சிடும்."

கோர்ட்டு வாசலில் தெரு சனம் முழுக்க வேப்பமரத்தடியில் நின்றது. அக்காவின் வீட்டுக்காரரும் நின்றார். சொல்லாதே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். சும்மா இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரோட்டில் ஏதாவது கிடந்ததா என்று நீதிபதி கேட்டார்.

"ஒண்ணும் கிடக்கலீங்க. நான்தான் வேகமா வந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். சில மாதம் ஜெயில், லைசென்ஸ் ரத்து என்று தீர்ப்பானது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஜெயிலில் பார்க்கப் போனபோது கேட்டேன்.

"செத்துப்போனவங்க மேல பழியைப் போட்டுட்டு நான் வண்டி ஓட்டவா? தெரு சனத்துக்கு வேற களம் எங்க இருக்கு, சொல்லு."



வெளியே வந்தபோது மில்லில் வேறு டிரைவர் வந்துவிட்டான். மூட்டை தூக்கும் வேலைகூட இல்லை என்றார்கள். தெருக்காரர்களுக்கு இருந்தது துண்டு துண்டாக நிலம், அவர்கள் வீட்டு ஆட்களுக்கே அது காணாது. இரண்டு பிள்ளைகள் பசி தாங்க மாட்டார்கள். தை அறுப்பு தொடங்கியது. ஒருநாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சற்றுப் பொறுத்து நானும் பின்னாலேயே போனேன்.

மிராசுதார் வயலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வரப்பில் குடை பிடித்து நின்ற காரியஸ்தர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அரிவா புடிக்க லைசென்ஸ் இருக்காய்யா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கூலிக்கு வந்திருந்த எங்கள் தெரு ஆட்களும் வாய்பொத்திச் சிரித்தார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வயலில் இறங்கினார்.