பிஜித் தீவின் முதற்பலன்

இரணியல் பக்கத்தில் ராஜையனைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அது அவர் குற்றமல்ல. தெரிவிக்க அவர் எடுக்காத முயற்சி இல்லை. தக்கலையில் அரசு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகன் ஸ்டெனி பிஜித் தீவில் ஹோட்டல் வேலைக்குப் போனதும் அப்பாவும் பாதி பிஜிக்காரர் ஆகிவிட்டார். மகன் கொண்டுவந்த பேஷன் ஃப்ரூட் விதையை நட்டு, அதற்குப் ‘பிஜிப் பழம்’ என்று பெயரும் வைத்தார். பிஜிக்கே அது பிரேசில் பக்கமிருந்து போன கொடிதான், திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் ஜூஸ் போட்டு விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அது வேறு இனமாம்.

கொடிக்கு அவருடைய பெருமை புரியவில்லை. அவர் போட்ட சாணத்தைத் தின்றுவிட்டு, வெயிலைத் தேடி மதிலேறி, தம்பி குமாரதாஸின் முருங்கையில் போய்ப் படர்ந்தது. முருங்கை சாயத் தொடங்கவே, கொடியை வெட்டட்டுமா என்று தம்பி கேட்டான். வெட்டினால் இந்த ஜென்மத்தில் உன்னோடு பேச்சில்லை என்றார் அண்ணன். அவன் வெட்டவில்லை. இவர் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

காய்த்ததெல்லாம் தம்பி பக்கம். இவர் பக்கம் இலை, வேண்டிய மட்டும். ஆனால் தேவாலயத்தில் முதல் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலனாகப் பிஜிப் பழம் படைப்பேன் என்று சபை முழுக்கச் சொல்லியாயிற்று. தம்பியிடம் போய்க் கேட்பதா? மானம் என்னாவது? வெறுங்கையோடு ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும், படைத்த பொருட்களை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். தேங்காயும் சேவலும் போனபின் சபைச் செயலாளர் ஒரு கூடையைத் தூக்கினார். நிறைய மஞ்சள் மஞ்சளாய்ப் பிஜிப் பழம். கூடை குமாரதாஸ் வீட்டுக் கூடை. ராஜையனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றார்.

“அது எனக்க பழமாக்கும். கள்ளன், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு பறிச்சிருக்கான்.”

சபையே திரும்பிப் பார்த்தது. செயலாளர் கூடையை இறக்கவில்லை.

“ராஜையன் வீட்டு முதற்பலன்னு சொல்லித்தான் குமாரதாஸ் கொண்டு தந்தாரு,” என்றார்.

எழுந்து நின்ற மனிதருக்கு அப்புறம் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. சண்டை பிடித்த பழத்தை வேறு யாரும் கேட்கவுமில்லை. குமாரதாஸே ஏலம் கேட்டு எடுத்தான்.

வெளியே வந்ததும் ஒன்றைப் பிளந்து அண்ணனிடம் நீட்டினான்.

“தின்னும் அண்ணே. கள்ளன் பறிச்சதுதான்.”

ராஜையன் வாங்கி, வழித்துத் தின்றார். புளிப்பில் பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நல்ல இனிப்பாக்கும், மக்கா,” என்றார்.