தூளியும் பதினேழாவது விதியும்

முகாம் சாமான்கள் பற்றிய பதினேழாவது விதி இப்படிச் சொல்கிறது: ‘மலையடிவாரத்தில் இரவு தங்கும் உத்தியோகஸ்தருக்குத் தரையிலிருந்து உயர்ந்ததும், அவருடைய உடல் அளவுக்குப் பொருந்தியதுமான படுக்கை தரப்பட வேண்டும்.’ இதை எழுதியவர் ஒருநாளும் மலையடிவாரத்தில் இரவு தங்கியிருக்க மாட்டார். தங்கியிருந்தால் ‘தூக்கம்’ என்ற சொல்லையும் எங்காவது சேர்த்திருப்பார்.

என் இலாகாவின் பெயர் இங்கே வேண்டாம். வேலையை மட்டும் சொல்கிறேன். ஆம்பூருக்கு மேற்கே, மலை ஓரத்துக் காடுகளில் ஆவாரம்பட்டை உரிக்கக் குத்தகை விடுவார்கள். தோல் பதனிட அந்தப் பட்டை இல்லாமல் முடியாது. குத்தகைக்காரர்கள் எல்லை தாண்டி உரிக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்காகப் பருவம் முழுதும் காட்டிலேயே முகாம். பாறை இடுக்கெல்லாம் தேள் என்பதால் தரையில் படுக்க முடியாது. கட்டில் கழுதை முதுகில் ஏறாது. ஆகவே இலாகா எனக்குக் கொடுத்தது தூக்குப் படுக்கை. காகிதத்தில்தான் அந்தப் பெயர். டவாலி போட்ட என் சேவகர் முதல் கழுதைக்காரர் வரை எல்லோரும் அதைத் தூளி என்றே சொன்னார்கள். “சாருக்குத் தூளி கட்டியாச்சி” என்று தினமும் சாயங்காலம் சிரிக்காமல் சொல்ல அந்த டவாலியால் மட்டும்தான் முடியும்.

அது முரட்டுக் கித்தான். இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்துப் பலகைபோல இழுத்துத் தைத்திருந்தார்கள். நேராக மல்லாந்து, மூச்சைக் கூட ஒருபக்கமாக விடாமல் படுத்திருந்தால் தாங்கும். புரண்டால் கவிழ்த்துவிடும். கட்டையை எடுத்துவிட்டால் அவரைக்காய் மாதிரி மூடிக்கொண்டு உள்ளே இருப்பவரை இரண்டாக மடிக்கும். கவிழ்வதா மடிவதா என்ற தேர்வில் நான் மடிவதையே எடுத்துக்கொண்டேன். இரண்டு பருவத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

வேலூரில் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை இப்படி வளைந்து வந்தால் முகாமுக்குத் தகுதியில்லை என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். தகுதியில்லை என்றால் வேலை இல்லை. பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் முடிய எனக்கு இன்னும் மூன்று பருவம் பாக்கி. அதுவரை என் இடுப்பு நிமிர்ந்திருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அகலமான தூளி வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். தலைமை குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“கிழிஞ்சிருக்குதா?”

“இல்லை.”

“கயிறு இத்துப்போச்சா?”

“அதுவும் இல்லை. அதில் தூங்க முடியவில்லை.”

“சார், கிழிஞ்சா மாத்தலாம். தூக்கம் வரலைன்னா நான் பாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது? வேணும்னா விதியில இடம் இருக்குது, சொந்தச் செலவுல செஞ்சுக்குங்க. ஆனா ஒடம்பு அளவுக்கு மேல ஒரு வெரக்கடை ஜாஸ்தி இருக்கக் கூடாது. போன வருஷம் ஒருத்தர் அகலமா தச்சிக்கினு போய், ஆடிட்டுல மாட்டிக்கினாரு.”

நான் ஆடிட்டுக்குப் பயந்தவன். ஆகவே உடம்பை அளந்துகொண்டேன்.

ஆம்பூரில் எதற்கும் வைத்தியம் தோல்தான். பை கிழிந்தாலும் தோல், கதவுக் கீல் கிறீச்சிட்டாலும் தோல். எனக்குத் தெரிந்த தோல் கிடங்கு முதலாளி ஒருவர் இருந்தார். பட்டைக் குத்தகையும் அவருடையதுதான். பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. என்னைப் பட்டை காயவைக்கும் மேடைமேல் படுக்கவைத்து, உச்சி முதல் குதிகால் வரை நூல் பிடித்தார்.

“இன்னா சார், மய்யத்துக்குக் குழி அளவு எடுக்கற மாதிரி நேரா கெடக்கிறீங்க? கொஞ்சம் கால நீட்டி ஹாயா படுங்க.”

“விதிப்படிதான் படுத்திருக்கிறேன், பாய்.”

“அப்ப சரி. தூக்கமும் விதிப்படிதான் வரும்.”

நல்ல ஆட்டுத்தோல், நாலைந்து சேர்த்து இரட்டைத் தையல். தோல் விலையும் கூலியும் கொடுத்து ரசீது வாங்கினேன். என் உடம்புக்கு ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டுப் புழக்கடையில் வேப்பமரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவில் கட்டிப் படுத்துப் பார்த்தேன். மனைவி துவைத்த துணியோடு வந்து நின்றாள்.

“ஏங்க, இது படுக்கையா, ஒறையா? கைய எங்க வெச்சிப்பீங்க?”

“மார்மேல்.”

“மூக்கு அரிச்சா?”

அதற்கு விதியில் ஏற்பாடு இல்லை.

காட்டில் முதல் இரவே பனி இறங்கியது. பதனிட்ட தோல் ஈரம் பட்டால் நீளும். அது அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், அளவு எடுத்த முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளவிலேயே கவனமாக இருந்ததில் இருவருக்கும் தோன்றவில்லை. விடியும்போது தலையும் காலும் அந்தரத்தில் இருந்தன; இடுப்பு மட்டும் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்க டவாலியின் கை வேண்டியிருந்தது.

பட்டைக் கட்டுகளைப் பார்க்க அன்று காலை முதலாளி வந்தார். நான் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

“பேஜாராப் போச்சே சார். இன்னும் ரெண்டு நாள் இப்படிப் படுத்தா உங்கள மூட்டையாத்தான் கட்டி அனுப்பணும்.”

பட்டை மூட்டை கட்டும் பருத்தித் துப்பட்டி ஒன்றை உதறினார். இரண்டு ஆள் படுக்கும் அகலம். அவர் ஆட்கள் இரண்டு முனையையும் கொத்தாகச் சேர்த்துக் கட்டி, புங்க மரங்களுக்கு நடுவே தொய்வாகத் தொங்கவிட்டார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்ததில் உடம்பு கோணலாகப் போய்விட்டது. தலை ஒரு ஓரத்தில், கால் எதிர் ஓரத்தில். நேராகப் படுக்க முயன்றேன்; வலி விடவில்லை, அப்படியே கிடந்தேன். குறுக்காகக் கிடக்கக் கிடக்கத் துணி விரிந்து முதுகைச் சமமாகத் தாங்கியது. இடுப்பு வளையவில்லை. புரண்டேன், கவிழவில்லை. மூக்கைச் சொறிந்தேன்.

“வெச்சிக்குங்க சார்,” என்றார் முதலாளி.

வைத்துக்கொள்ள முடியாது. குத்தகைக்காரரிடம் எந்தப் பொருளும் பெறக் கூடாது என்பது நடத்தை விதி. விலைக்கு வாங்கலாம் என்றால் அது என் உடம்பைவிட மிக அகலம். திருப்பிக் கொடுத்தால் என் இடுப்பும் பென்ஷனும் அதோடு போகும். யோசித்ததில் வேறொரு விதி கைகொடுத்தது: முகாமில் உரிமை முடிவாகாத பொருள் இருந்தால், உத்தரவு வரும்வரை முகாம் உத்தியோகஸ்தர் அதைத் தம் நேரடிக் காவலில் வைத்திருக்க வேண்டும். துப்பட்டியைப் பெற்றுக்கொள்ள அனுமதி கேட்டு அன்றே எழுதினேன். உத்தரவு வரும்வரை, தேள் அண்டாத உயரத்தில் கட்டி, மேலே படுத்துக் காவல் காத்தேன்.

இடுப்பு தேறியது. டாக்டர் எதுவும் எழுதவில்லை. ஆனால் சுகமாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. குதிரைச் சத்தம் எங்கே கேட்டாலும் மேலதிகாரி என்று எழுந்து, துப்பட்டியை அவிழ்த்து, கித்தானைக் கட்டி, அதில் மடிந்து உட்கார்ந்துகொள்வேன். பெரும்பாலும் அது பட்டை ஏற்ற வந்த மட்டக்குதிரை. வருஷம் தவறாமல் நினைவூட்டல் எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்கூட வரவில்லை.

மூன்று பருவமும் முடிந்தது. இலாகாவின் கித்தானை ஒரு நூல் பிரியாமல் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். பென்ஷன் காகிதம் போன வேகத்தில் திரும்பியது. என் காவலில் ஒரு பொருள், உத்தரவு எதிர்பார்த்து, நிலுவையில் இருக்கிறதாம். உத்தரவு வராமல் ‘பாக்கியில்லை’ என்ற சான்று கிடையாது. சான்று இல்லாமல் பென்ஷன் கிடையாது. தலைமை குமாஸ்தா அனுதாபத்தோடுதான் பேசினார்.

“நீங்க ஏன் சார் எழுதிக் கேட்டீங்க? கேக்காம இருந்தா எங்களுக்குத் தெரியவா போவுது?”

சம்பளமும் இல்லாமல் பென்ஷனும் இல்லாமல் புழக்கடையில் அதே துப்பட்டியில் குறுக்காகக் கிடந்தேன். காவலை நான் விட முடியாதே. மனைவி அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள்: “இன்னாங்க, திருடன் எவனாவது வந்தானா?”

கடைசியில் பதில் வந்தது. இரண்டே வாக்கியம். படுக்கை உத்தியோகஸ்தரின் உடலைவிட அகலமாக இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. பழைய மூட்டைத் துணிக்கு அனுமதி தேவையில்லாதபடியால், இவ்விண்ணப்பம் அனாவசியமாகச் செய்யப்பட்டது என்று முடிவு கட்டப்படுகிறது.

தபால்காரர் கொடுக்கும்போது துப்பட்டியில்தான் இருந்தேன். எந்தத் தபால் வந்தாலும் உறையின் மூலையில் வந்த தேதியைக் குறித்துக்கொள்வது என் பழைய வழக்கம். குறித்தேன்: நவம்பர் பத்தொன்பது; காவல் முடிந்தது, பென்ஷனுக்குத் தடையில்லை.