வாரியலுக்குத் தப்பிய ஜோடி

பாபநாசத்துக்கு மேலே, மலையில் வனத்துறையின் தங்கும் விடுதி ஒன்று. அதைப் பெருக்குகிற பெண்ணை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது.

நான் அப்போது பாளையங்கோட்டையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். காட்டு அந்துப்பூச்சிகளை இனம் பிரித்துப் பெயர் சொல்வதுதான் வேலை. வாசல் விளக்குக்கு வருகிற பூச்சிகள் விடியும்போது வெள்ளைச் சுவரில் அசையாமல் அப்பிக்கொண்டிருக்கும். நான் எழுந்து வருவதற்குள் அவள் வாரியலால் சுவரோடு ஒரு இழு இழுத்துவிடுவாள். இறக்கையெல்லாம் பொடியாகித் தரையில் கிடக்கும்.

“யக்கா, அரை மணி நேரம் பொறுக்கக் கூடாதா?”

“செவுத்துல கறை இருந்தா அதிகாரி என்னையத்தான் ஏசுவாரு. உங்களையா ஏசப்போறாரு? வேணும்னா வெள்ளன எந்திரிங்க.”

எழுந்தேன். மறுநாள் அவள் எனக்கும் முன்னால் எழுந்தாள். வீம்புக்குத்தான், எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் வாரியலுக்குத் தப்பியவற்றில்தான் அது கிடைத்தது. வெளிறிய மஞ்சள் நிறம், இறக்கையில் புள்ளியே இல்லை. அதே சுவரில் உட்காருகிற ஒரு கறுத்த பூச்சிக்கு உறவு போலத் தெரிந்தது. கறுத்ததற்கு ஏற்கெனவே பெயர் உண்டு, இதற்கு எந்த நூலிலும் இல்லை. புது இனம் என்று முடிவுகட்டினேன். ஆய்வேடு முழுவதும் அதன் மேல்தான் நின்றது. வயிற்றைத் திறந்து பார்த்ததில் வெளிறியவை அத்தனையும் பெண். கறுத்ததில் அதுவரை கிடைத்ததெல்லாம் ஆண். எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்க நான் விடவில்லை.

கடைசி நாள் காலை அவள் தகர முறத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் வெளிறியது ஒன்றும் கறுத்தது ஒன்றும் வால்முனையோடு வால்முனை ஒட்டி இணைசேர்ந்திருந்தன.

“ரெண்டும் வேற வேற சாதின்னு போன்ல பெருமையடிச்சீங்கள்லா? பாருங்க. புருசனும் பொஞ்சாதியுமா ஒட்டிக்கிட்டு இருக்குதுவ.”

அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வேறு இனங்கள் தவறிப்போய் இணைவதும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பார்க்கும்போதே இடுக்கியால் இரண்டையும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். பிறகு தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே தனித்தனிப் பெயர் எழுதி மூடினேன். அவள் வெறும் முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டம் கிடைத்தது, கல்லூரி வேலையும் கிடைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், இப்போது மாணவர்களை அதே விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் இனம் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இரண்டையும் ஒன்றாக எவன் கண்ணிலாவது காட்டிவிடுவாளோ என்று ஒவ்வொரு முறையும் அவள் முறத்தின் மேலேயே ஒரு கண் வைத்திருப்பேன். வேறு விடுதிக்குப் போகலாம். அவளுக்குப் பயந்து போனதாக ஆகிவிடுமே என்று போகவில்லை.

போன மாதம் வெயில் ஏறியும் சுவர் பெருக்காமல் கிடந்தது. பூச்சிகள் அப்படியே இருந்தன; நடுவில் வெளிறியது ஒன்றும் கறுத்தது ஒன்றும் வால்முனை ஒட்டியபடி. வாரியலைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மாணவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

“பெருக்கலையா யக்கா?” என்றேன்.

“பெருக்குதேன். நீங்க பிரிக்கத எல்லாம் பிரிச்சு முடிங்க.”