இருக்கிற இடம்

சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூட பஸ்ஸில் அகல்யாவுக்கு வேலை. நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி, தலையை எண்ணி, பத்திரமாக இறக்கிவிட வேண்டும். வாயாடிகளை அடக்குவதும் அவள் பாடுதான். அதில் கெட்டிக்காரி. "சத்தமில்லாம உக்காருங்க சாமி" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடியதும் பஸ்ஸும் நின்றது. கணவன் ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் மாட்டிக்கொண்டான். அகல்யா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். எட்டாவது படித்த மகள் கிருத்திகா வீட்டில் தனியாக இருந்தாள்.

செல்போனில் பாடம் நடந்தது. "எல்லாரும் மைக்கை அணைச்சு வையுங்க" என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். கிருத்திகா சொல் தட்டாத பிள்ளை. ஒன்றரை வருஷமும் அணைத்தே வைத்திருந்தாள்.

சாயங்காலம் அகல்யா திரும்பும்போது வீடு கூட்டியிருக்கும், சோறு வடித்திருக்கும், உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். அந்தக் கதவைத் தட்ட அவளுக்குத் தோன்றவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தால் போதும் என்றிருக்கும். பக்கத்து வீட்டுக் குப்பாயி வேறு ஏற்றிவிட்டாள். "எம்பட ஊட்டுல ரெண்டும் ஊட்டையே தலைகீழாக்குதுங்க. உம்பட புள்ள இருக்கற எடமே தெரியலியே சாமி! குடுத்து வெச்சவ நீயி."

அகல்யாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதற்கப்புறம் யார் கேட்டாலும், போனில் கணவன் கேட்டாலும், "அவ இருக்கற எடமே தெரியாதுங்க" என்றுதான் சொன்னாள். பெண் பிள்ளையைப் புகழ நமக்கு வேறு வார்த்தை எங்கே கிடைக்கிறது?

பள்ளிக்கூடம் திறந்தது. கிருத்திகா நாலு நாள் போனாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூட வாசலிலேயே வியர்த்து ஊற்றி, வாந்தி எடுத்துத் திரும்பி வந்தாள். அத்தனை முகத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு குறைந்தது, தலைமுடி சிக்குப் பிடித்தது. மந்திரித்துக் கயிறும் கட்டிப் பார்த்தாயிற்று.

கடைசியில் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனாள். மனநல டாக்டரம்மா, "உங்க பொண்ணு கடைசியா எப்ப சத்தமாப் பேசுச்சு?" என்று கேட்டார். அகல்யா யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள். பெற்றவளுக்கு அதுகூடத் தெரியவில்லை என்று வெட்கமாக இருந்தது. "பேசினா குறுக்கே பேசாதீங்க. திட்டினாலும் கேட்டுக்குங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

ஐந்து மாதம் மாத்திரை தீரத் தீர வாங்கினாள். பஸ் மறுபடி ஓடியது. ஊரார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாள். சொந்தப் பிள்ளை பாயில் சுருண்டு கிடப்பாள். அகல்யாவுக்குத் தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு. பத்தாவதும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், ஒரு வார்த்தை பேசினால் போதும் என்ற நிலைக்கு அகல்யா வந்துவிட்டாள்.

அன்று திங்கட்கிழமை. பஸ் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் குழாயடியிலிருந்து குப்பாயி கேட்டாள், "பாப்பா எப்படி இருக்குது சாமி?"

பதில் சொல்லக்கூடத் தெம்பில்லை. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவளுக்கென்னுங்கக்கா. இருக்கற எடமே தெரியாது."

உள்ளே தட்டு ஒன்று சுவரில் மோதி விழுந்தது.

"இங்கதான் இருக்கேன்! ரெண்டு வருசமா இங்கயேதான் இருக்கேன்! உனக்குத் தெரியலியா?"

கரகரத்த குரல். மகளுடைய குரல்தான் என்று புரிய அகல்யாவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. சின்னப் பிள்ளைக் குரலாகத்தான் அவள் ஞாபகத்தில் இருந்தது.

"என்ன அம்மணி, ஏறுங்க, நேரமாச்சு" என்றார் டிரைவர் சென்னிமலை.

"நீங்க போங்கண்ணா. இன்னைக்கு நான் வரலீங்க."

"நாப்பத்திரண்டு புள்ளைங்களையும் நான் ஒருத்தனே எப்படிங்க பாக்கறது?"

"எம்பட புள்ள கூப்புடுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கிருத்திகா கத்தினாள், அழுதாள், மறுபடி கத்தினாள். ஒரு நாளாவது கதவைத் தட்டினாயா என்று கேட்டாள். அகல்யா குறுக்கே பேசாமல் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கத் தெரிந்த வாய் அன்று அடங்கிக் கிடந்தது.

குப்பாயி பதறிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சாமி இது, தெருவுக்கே கேக்குது! சத்தம் போடாதேன்னு சொல்லக்கூடாதா?"

"கத்தட்டுங்கக்கா" என்றாள் அகல்யா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் எம்பட புள்ள இருக்கற எடம் தெரியுது."