பதினைந்துக்கு ஐந்து

பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் கனடா ஃபுட்பாலில், வேட் பிரிஸ்டுபா சாஸ்கடூன் அணியின் தடுப்பு வரிசையில், நட்டநடுவில், பதினோரு பருவம் நின்றான். நூற்று அறுபத்து மூன்று ஆட்டங்கள். அதில் பந்து அவன் கைக்கு வந்தது இரண்டே தடவை, ஒன்று நழுவியும் போயிற்று. பந்து அவன் வேலையே இல்லை. எதிரே குனிந்து நிற்கும் இரண்டு தடியன்களை ஒற்றை ஆளாக முட்டி நிறுத்துவதுதான் அவன் வேலை. அவன் இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவனுக்கு வழி கிடைக்கும். அந்தப் பக்கத்து ஆள் ஓடிப்போய், பந்தை வீச நிற்கும் எதிரணித் தலைவனைச் சாய்ப்பான், மறுநாள் பேப்பரில் அவன் படம் வரும். பெரும்பாலும் அது லவெல் டகிளின் படம். அலபாமாக்காரன், வாய்க்காரன், வேட்டுக்கு உயிர்த் தோழன்.

எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில், இரண்டு அணியும் மூக்கோடு மூக்கு ஒட்டித்தான் நிற்பார்கள். நம் ஆட்டத்தில் நடுவில் ஒரு கஜம் இடைவெளி விட வேண்டும். அதை இரக்கத்துக்காக வைத்த விதி என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் அங்கே போய் நிற்கட்டும். வேகம் எடுத்து வந்து மண்டையில் மோத அந்த ஒரு கஜம் தாராளமாகப் போதும். ஆட்டத்துக்கு ஐம்பது, அறுபது மோதல். பயிற்சியில் பட்டதை யாரும் எண்ணுவதில்லை.

யார்க்டன் பக்கத்துக் கோதுமை விவசாயியின் மகன் வேட். அணியில் இத்தனை பேர் கனடாக்காரர்களாக இருந்தே தீர வேண்டும் என்ற விதியால்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. அதே விதிதான் அவன் தூக்கத்தையும் கெடுத்தது. வருடா வருடம் முகாமுக்குப் புதிதாக ஒரு கனடாத் தடியன் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பான். ஒப்பந்தம் எல்லாம் பேருக்குத்தான். காலையில் போகும்போது அலமாரியில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் வேலை உண்டு, கிழித்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

முகாமின் முதல் நாள் தலைக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். டாக்டர் பதினைந்து வார்த்தைகளை வாசிப்பார், கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண் கோப்பில் ஏறிவிடும். பருவத்தின் நடுவில் மண்டையில் அடிபட்டால் மறுபடி அதே பரீட்சை. முதல் நாளைவிடக் குறைந்தால் குணமாகும்வரை உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் இடத்தில் இன்னொருத்தன் நிற்பான். அவன் நன்றாக ஆடிவிட்டால் கதை முடிந்தது.

ஆட்டக்காரர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. முட்டாளாக நடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

முதல் வருடப் பரீட்சை முடிந்து வேட் வெளியே வந்தபோது ஜெனெல் வண்டியில் காத்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வாரம். பள்ளிப் பேருந்து ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள் அப்போது.

"என்னாச்சு, பாஸா?"

"பதினஞ்சுக்கு அஞ்சு!" என்று சிரித்துக்கொண்டே ஏறினான். "லவெல் சொல்லிக் கொடுத்தான். அவன் நாலுதான் எடுத்தானாம். இனிமே லாரி ஏறினாக்கூட என்னை உட்கார வைக்க முடியாது."

"நிஜமாவே அஞ்சுதானா ஞாபகம் இருந்துச்சு, மரமண்டை?"

"கேட்டுக்கோ. ஏணி, சோப்பு, ரொட்டி, குதிரை, விளக்கு…" பதினைந்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் அதுவே வீட்டுப் பாட்டாகிவிட்டது. கடைக்குப் போய் வெங்காயத்தை மறந்துவிட்டு வந்தால், அவள் வாயைத் திறப்பதற்குள், "என் ஞாபகசக்தியில ஒரு குறையும் இல்ல. ஏணி, சோப்பு, ரொட்டி, குதிரை" என்று ஆரம்பித்துவிடுவான். அவளுக்கும் மனப்பாடம் ஆயிற்று. அடுத்தடுத்த வருடங்களில் டாக்டர் வேறு வார்த்தைகள் கொடுத்தார். மதிப்பெண் மட்டும் ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து என்றே போயிற்று. புதிதாக வந்தவர்களுக்கும் வேட் அதைத்தான் சொல்லிக் கொடுத்தான். எட்டுத் தடவை மைதானத்தில் கண் இருண்டு விழுந்திருக்கிறான். எட்டுத் தடவையும் மறு பரீட்சையில் தேறி, அடுத்த வாரமே ஆடினான். ஊரே கைதட்டியது. நாமும்தான் தட்டினோம், யாரைச் சொல்ல?

ஆட்டத்தை விட்ட பிறகு தானிய லாரி ஓட்டினான். நாற்பத்தோரு வயதில், பிறந்ததிலிருந்து போய்வந்த யார்க்டன் சாலையில் திருப்பம் தெரியாமல் நின்றுவிட்டான். லாரி வயலுக்குள் இறங்கியிருந்தது. போலீஸ்காரர் போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் உங்க பேரைச் சொல்லத் தெரியாம அழுறாரும்மா" என்றார். அடுப்பை எரியவிட்டு வெளியே போனான். நவம்பரில் ஒரு நாள் கோட்டு இல்லாமல் மூன்று தெரு நடந்தான். ஜெனெல் பேருந்து ஓட்டப் போனால் அவன் தனியாகத்தான் இருக்க வேண்டும், போகாவிட்டால் சாப்பாடு இல்லை.

எட்மண்டனில் மூளையில் அடிபட்டவர்களுக்கு ஓர் இல்லம் உண்டு. பகலெல்லாம் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டத்தால் வந்த காயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆட்டக்காரர்களுக்கான காப்பீட்டுக்காரர்கள் செலவை ஏற்று அவனை அங்கே சேர்ப்பார்கள். அந்த ஒரு தாளை நம்பித்தான் ஜனவரி மாதம், மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிரில், ஜெனெல் அவனைக் காப்பீட்டுக்காரர்களின் டாக்டர் ஃபென்ஸ்கேயிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நல்ல மனிதர்தான். பதினைந்து வார்த்தைகளை நிதானமாக வாசித்தார். வேட் நெற்றி வியர்க்க, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தேர்வு எழுதும் பிள்ளை மாதிரி முயன்றான். அவன் அப்படி முயன்று ஜெனெல் பார்த்ததே இல்லை. ஐந்து வார்த்தைகள் வந்தன.

டாக்டர் பழைய கோப்பைத் திறந்தார். "முதல் வருஷம் அஞ்சு. இன்னைக்கும் அஞ்சு. இத்தனை வருஷத்துல எந்த மாற்றமும் இல்ல. மன்னிச்சுக்கோங்க, ஆட்டத்தால குறைஞ்சதுன்னு நான் எழுத முடியாது. ஆரம்பத்துலேயே இவ்வளவுதான்னு இருக்கு."

"அது பொய், டாக்டர்!" ஜெனெலின் குரல் தானாக உயர்ந்தது. "வேணும்னே குறைச்சு எடுத்தாங்க. எல்லாரும்தான் எடுத்தாங்க. அன்னைக்கு வண்டியில பதினஞ்சையும் என்கிட்ட சொன்னார். நான் சொல்றேன், நீங்க சரிபாருங்க."

சொன்னாள். டாக்டர் விரலால் பட்டியலைத் தொட்டுக்கொண்டே வந்தார். பதினைந்தும் சரியாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் நம்புறேம்மா. ஆனா அவங்க கேட்பாங்க, அந்தத் தாளை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமேன்னு. இது உங்க ஞாபகத்துக்குத்தான் சாட்சி, இவரோடதுக்கு இல்ல. கூட ஆடின ஒருத்தராவது, வேணும்னேதான் குறைச்சோம்னு கையெழுத்துப் போட்டுத் தந்தா பார்க்கலாம்."

வேட் அங்கேயே உட்கார்ந்திருக்க, அவள் வராந்தாவுக்கு வந்து லவெலைப் போனில் கூப்பிட்டாள். அவன் இப்போது அதே அணியில் தடுப்பு வரிசைக்குப் பயிற்சியாளன். எல்லாவற்றையும் கேட்டான்.

"ஜெனெல், அவன் எனக்குத் தம்பி மாதிரி. ஆனா நான் கையெழுத்துப் போட்டா, இப்ப இருக்கிற பசங்க மதிப்பெண்ணை எல்லாம் தோண்டுவாங்க. என் வேலை போயிடும். பசங்க வேலையும் போயிடும்."

"இப்பவும் அவனுங்க அஞ்சுதான் எடுக்குறானுங்களா, லவெல்?"

அவன் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லித் தர்றது யாரு, நீயா?"

"வேட் புரிஞ்சுக்குவான்" என்றான் கடைசியில்.

"அவனுக்கு இனிமே எதுவும் புரியாதுடா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். லவெல் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவளுக்குத் தன் மேலேயே இருந்தது. அன்றைக்கு வண்டியில் கூடச் சேர்ந்து சிரித்தவள் அவள்தானே.

வண்டியின் கண்ணாடி உள்பக்கமும் உறைந்திருந்தது. இன்ஜின் சூடாகட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"நான் எத்தனை எடுத்தேன்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான் வேட்.

"அஞ்சு."

"நல்லதா அது?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, மெல்லச் சொன்னாள். "ஏணி, சோப்பு, ரொட்டி, குதிரை, விளக்கு…" பதினைந்தையும் சொன்னாள். அவன் சேர்ந்துகொள்வான் என்று கடைசி வார்த்தைவரை எதிர்பார்த்தாள்.

வேட் கவனமாகக் கேட்டான். பிறகு கையுறையைக் கழற்றி, கோட்டுப் பையில் பேனா தேடினான்.

"இன்னொரு வாட்டி சொல்லு, எழுதிக்கிறேன். கடையில போய் மறந்துட்டா திட்டுவ" என்றான். "அந்தக் குதிரைதான் எங்க கிடைக்கும்னு தெரியல."

ஜெனெல் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.